ஏர் ரைஃபிள் குழல் நுனி அடாப்டர்: பார்த்து வாங்குவதும் நேராகப் பொருத்துவதும்

ஏர் ரைஃபிளின் குழல் நுனியில் எதையாவது மாட்ட நினைத்துக் கடைக்குப் போனால் முதலில் வரும் கேள்வி, "உங்க ரைஃபிள்ல என்ன த்ரெட்?" என்பதுதான். த்ரெட் என்றால் குழல் நுனியில் திருகு போல வெட்டிய மரை. பதில் தெரியாவிட்டால் கடைக்காரர் ஒரு சின்ன உலோக வளையத்தை எடுத்துக் கொடுத்து, இதைப் போட்டால் சரியாகிவிடும் என்பார். அந்த வளையம்தான் அடாப்டர். விலை குறைவு, பார்க்கவும் அற்பமாக இருக்கும். அதனாலேயே வாங்குகிறவர்கள் அதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் முன்னால் மாட்டும் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அது குழலுக்கு நேராக நிற்குமா கோணலாக நிற்குமா என்பது இந்த வளையத்தின் கையில்தான் இருக்கிறது.

இங்கே சொல்வது பெரும்பாலும் பிரிட்டன் நிலவரம். ஏர் ரைஃபிளில் சைலன்சர் மாட்டுவது அங்கே அன்றாட விஷயம். மாடரேட்டர் என்று சொல்வார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல் ஆற்றலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளை 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமல் வாங்கலாம். தோட்டத்தின் பின்பக்கத்திலும் பண்ணைகளிலும் சுடுகிறவர்கள் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு இல்லாமல் இருக்க மாடரேட்டரைத் தேடுகிறார்கள். அதனால் அதற்கென்று ஒரு பெரிய சந்தையும், ஏறக்குறைய எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரு மரை அளவும் உருவாகியிருக்கின்றன. அரை இஞ்ச் யு.என்.எஃப். என்பது அந்த அளவு. ஏர் ஆர்ம்ஸ், பி.எஸ்.ஏ., டேஸ்டேட் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளின் பல மாடல்கள் தொழிற்சாலையிலிருந்தே இந்த மரையோடு வருகின்றன. அப்படி ஒரு ரைஃபிளும் அதே அளவு மாடரேட்டரும் கையில் இருந்தால் அடாப்டரே வேண்டாம், நேராகத் திருகிவிடலாம்.

அடாப்டர் தேவைப்படுவது இரண்டு நிலைமைகளில். ஒன்று, குழலில் மரை இருக்கிறது, ஆனால் வேறு அளவு. இதற்கு ஒரு பக்கம் ஒரு மரையும் மறுபக்கம் இன்னொரு மரையும் உள்ள மாற்று அடாப்டர். இரண்டாவது, குழலில் மரையே இல்லை. வெறும் வழுவழுப்பான உருளை. இதற்குக் குழலின் மேல் சொருகி, பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ எனப்படும் தலையில்லாத சின்னத் திருகாணிகளால் இறுக்கும் சொருகு அடாப்டர். இரண்டும் ஒரே பெயரில் விற்கப்பட்டாலும், முதலாவதில் வேலை எளிது, இரண்டாவதில்தான் சிக்கலெல்லாம்.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிடலாம்

பிரிட்டனுக்குள்ளேயே விதி ஒன்றாக இல்லை. ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் ஏர் ரைஃபிள் வைத்திருக்கவே சான்றிதழ் வேண்டும். வட அயர்லாந்தில் 1 ஜூலைத் தாண்டும் ஏர் கன்னுக்கே சான்றிதழ் கேட்பார்கள். அமெரிக்காவில் சைலன்சர்கள் 1934-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டத்துக்குள் வருகின்றன. ஏர் கன்னிலிருந்து கழற்றி வெடிமருந்துத் துப்பாக்கியில் மாட்டக்கூடிய ஒரு பொருள் அங்கே பெரிய வழக்காக முடியலாம்.

இந்தியாவில் படிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம் என்பது பலருக்கும் தெரியும். அது ரைஃபிளுக்குத்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை வரையறுக்கும்போது, வெடிமருந்தாலோ வேறு வகை ஆற்றலாலோ குண்டைச் செலுத்தும் ஆயுதம் என்று சொல்லிவிட்டு, சுடும் சத்தத்தையோ ஒளியையோ குறைப்பதற்கென வடிவமைத்த துணைக்கருவிகளையும் அதே வரையறைக்குள் சேர்க்கிறது. "ஏர் கன்னுக்குத்தானே, என்ன ஆகிவிடும்" என்று இணையத்தில் சைலன்சர் வரவழைப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஆயுத விற்பனை உரிமம் உள்ள வணிகரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்காமல் அந்தப் பக்கம் போகவேண்டாம். எடைக்கட்டி, மரையைப் பாதுகாக்கும் மூடி போன்றவற்றுக்காக அடாப்டர் தேடுகிறவர்களுக்கு மீதிக் கட்டுரை அப்படியே பொருந்தும்.

உண்மையில் தேவைதானா?

குழல் நுனியில் மாட்டப்படுவது சைலன்சர் மட்டும் இல்லை. குழல் முன்பக்கம் கனமாக இருந்தால் குறி ஆடாமல் நிற்கும் என்று எடைக்கட்டி மாட்டுகிறவர்கள் உண்டு. பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிள் சுடும் சின்ன ஈயக் குண்டின், பின்னால் பீறிட்டு வரும் காற்றைப் பக்கவாட்டில் சிதறடிக்கும் கூம்பு ஒன்று உண்டு. பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவிகளில் சில, குழல் நுனியிலேயே மாட்டும்படி வருகின்றன. எதுவும் மாட்டாதபோது மரை அடிபடாமல் காக்க ஒரு மூடி.

சத்தத்தைக் குறைக்கத்தான் மாடரேட்டர் என்றால், கையில் இருப்பது எந்த வகை ரைஃபிள் என்று முதலில் பார்க்க வேண்டும். முன்கூட்டியே அழுத்திய காற்றை உருளையில் வைத்திருக்கும் பி.சி.பி. ரைஃபிளில் சத்தத்தின் பெரும்பகுதி குழல் வாயிலிருந்து வெடித்து வெளியேறும் காற்றுதான். மாடரேட்டர் அந்தக் காற்றுக்கு விரிய இடம் கொடுத்து வேகத்தைத் தணிக்கிறது, பலன் காதுக்கே தெரியும். ஸ்பிரிங் ரைஃபிளில் கதை வேறு. அங்கே காதில் விழுவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் உள்ளே மோதும் சத்தம், அதுவும் கன்னத்துக்குப் பக்கத்திலேயே. குழல் நுனியில் எதை மாட்டினாலும் அது குறையப் போவதில்லை. ஸ்பிரிங் ரைஃபிளுக்கு அடாப்டரும் மாடரேட்டரும் வாங்கும் காசில் ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்து, சரியான கிரீஸ் போட்டு, ஆட்டமில்லாத ஸ்பிரிங் கைடு மாற்றினால் கிடைக்கும் பலன் அதிகம் என்பது என் கருத்து. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

12 அடி-பவுண்டு வரம்புக்குள் சுடும்போது பெல்லட் ஒலியின் வேகத்தைத் தொடுவதில்லை. 16 கிரெயின் (சுமார் 1 கிராம்) எடையுள்ள 5.5 மி.மீ. பெல்லட் நொடிக்குச் சுமார் 177 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர். அதனால் காற்றைக் கிழிக்கும் 'சடார்' சத்தம் கிடையாது, அடக்க வேண்டியது குழல் வாயின் காற்றை மட்டும்தான். சின்ன மாடரேட்டரே போதுமானதாக இருப்பது இதனால்தான்.

10 மீட்டர் போட்டிப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு இந்தச் சாமான் எதுவும் வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் ஆடும் அந்தப் போட்டியில், குழலின் முன்னால் நீண்டு நிற்கும் குழாயைப் பார்த்துச் சிலர் சைலன்சர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது முன் சைட்டை, அதாவது குறிபார்க்க உதவும் முன்பக்க அமைப்பை, தள்ளி வைப்பதற்கான நீட்சி. சர்வதேச விதிப்படி அதில் துளைகள் இருக்கக் கூடாது. சுடும்போது வரும் உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக் போன்றவற்றுக்கும் தடை.

மரையை அடையாளம் காண்பது

ஒரு மரையைச் சொல்ல மூன்று விவரம் வேண்டும்: விட்டம், புரிகளின் நெருக்கம், திருகும் திசை. மூன்றில் ஒன்று மாறினாலும் பொருந்தாது. பொருந்துவது போலத் தோன்றி இரண்டு சுற்றுக்குப் பிறகு இறுகிக்கொண்டால் இன்னும் மோசம்.

அரை இஞ்ச் யு.என்.எஃப். என்றால் விட்டம் 12.7 மி.மீ.; ஒரு இஞ்சுக்கு 20 புரி, அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.27 மி.மீ.; வலப்பக்கமாகத் திருகினால் இறுகும். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்றால், 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி கோணத்தில் மரைகளை ஒழுங்குபடுத்தினார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரியை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று சேராமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் உட்கார்ந்து 60 டிகிரியில் ஒரே முறைக்கு ஒப்புக்கொண்டன. யு.என்.எஃப். அந்தக் குடும்பத்தின் நெருக்கமான புரி வகை. மெட்ரிக் மரைகளும் 60 டிகிரிதான் என்பதால் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது கடினம்.

குழப்பம் தருவது இதன் பங்காளிகள்தான். அதே அரை இஞ்ச் விட்டத்தில் இஞ்சுக்கு 28 புரி உள்ள ஒன்று இருக்கிறது, வெடிமருந்தால் சுடும் அமெரிக்காவின் .22 ரிம்ஃபயர் ரைஃபிள்களில் அதுதான் சகஜம். அமெரிக்கக் கடையிலிருந்து வரவழைத்த அடாப்டர் 'அரை இஞ்ச்' என்று போட்டிருந்தும் ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பழைய பிரிட்டிஷ் முறையின் பி.எஸ்.எஃப். அரை இஞ்சில் 16 புரி. 14 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் உள்ள மெட்ரிக் மரையும் பரவலாக உண்டு. ஆனால் பொம்மைத் துப்பாக்கி வகையான ஏர்சாஃப்ட்டில் அதே 14 மி.மீ. இடப்பக்கமாகத் திருகும் மரையாக வரும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடைசியாக, யாராவது ஹார்டுவேர் கடையில் "அரை இஞ்ச் ரெட்யூசர்" கேட்டுப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னால் போகவேண்டாம். தண்ணீர்க் குழாயின் அரை இஞ்ச் என்பது பைப்பின் உள்துளையைக் குறிக்கும் பழைய கணக்கு. அதன் மரையை அளந்தால் கிட்டத்தட்ட 21 மி.மீ. இருக்கும்.

அளப்பதற்கு ஒரு டிஜிட்டல் வெர்னியர் போதும். வெளிமரையின் உச்சியில் வைத்து அளந்தால் 12.7 வராது. 12.5-லிருந்து 12.65-க்குள் எங்கேயாவது வரும். மரையை எப்போதும் பெயரளவை விடக் கொஞ்சம் குறைத்தே வெட்டுவார்கள், இல்லாவிட்டால் உள்ளே நுழையாது. உள்மரையை அளக்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வெர்னியரின் உள்தாடை புரிகளின் உச்சிகளைத்தான் தொடும் என்பதால் அரை இஞ்ச் உள்மரை சுமார் 11.4 மி.மீ. என்று காட்டும். அதைப் பார்த்து '11 மி.மீ. மரை' என்று எழுதி ஆர்டர் போடக் கூடாது.

புரிகளின் நெருக்கத்துக்கு பிட்ச் கேஜ் என்ற சீப்பு மாதிரிக் கருவி இருக்கிறது. பட்டறைச் சாமான் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஒரு சுலப வழி: வெர்னியரை 12.7 மி.மீ.க்குத் திறந்து மரையின் மேல் வைத்து, ஒரு பள்ளத்திலிருந்து தொடங்கி அந்த நீளத்துக்குள் எத்தனை புரி அடங்குகிறது என்று எண்ணுங்கள். பத்து என்றால் 20 புரி மரை. பதினான்கு என்றால் 28. மரையின் நீளம் அவ்வளவு இல்லாவிட்டால் பாதி நீளத்தில் எண்ணி இரட்டிப்பாக்கலாம். திசைக்கு: குழலை நிமிர்த்திப் பிடித்தபடி பாருங்கள். புரிகள் வலப்பக்கம் மேலேறினால் வலமரை, இடப்பக்கம் மேலேறினால் இடமரை.

மாற்று அடாப்டர் வாங்கும்போது எந்தப் பக்கம் உள்மரை, எந்தப் பக்கம் வெளிமரை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழலில் வெளிமரை என்றால் அடாப்டரின் ரைஃபிள் பக்கம் உள்மரை. மாடரேட்டர் வழக்கமாக உள்மரையோடு வரும், ஆகவே அடாப்டரின் முன்பக்கம் வெளிமரை. கூடவே அடாப்டரின் நடுத்துளை பெல்லட்டை விடத் தாராளமாகப் பெரிதா என்று பார்க்க வேண்டும். 4.5 மி.மீ.க்கென்று செய்த அடாப்டரை 5.5 மி.மீ. ரைஃபிளில் மாட்டுவது ஆபத்து. ஒரு அடாப்டரின் மேல் இன்னொரு அடாப்டர் என்று சங்கிலி போடுவதையும் தவிருங்கள், ஒவ்வொன்றின் கோணலும் அடுத்ததோடு கூடிக்கொண்டே போகும்.

நேராக நிறுத்துவது மரை இல்லை

புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. மரை என்பது இழுத்துப் பிடிப்பதற்கு மட்டுமே. நேராக நிறுத்துவது அதன் வேலை இல்லை. எந்த மரையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அந்த ஆட்டத்தை அடக்குவது மரை முடியும் இடத்தில் குழல் சட்டென்று தடிமனாகும் படிக்கட்டு போன்ற விளிம்பு. பட்டறையில் ஷோல்டர் என்பார்கள். மாடரேட்டரின் பின்முகம் இந்த ஷோல்டரில் முழு வட்டமாக உட்கார்ந்து அழுந்தும்போதுதான் அது நிமிர்ந்து நிற்கிறது. ஷோல்டர் குழலின் உள்துளைக்குச் சரியான செங்குத்தில் வெட்டப்பட்டிருந்தால் எல்லாம் நேர்.

ஷோல்டரின் விட்டம் 15 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பக்கம் மட்டும் 0.05 மி.மீ. தடிமனில் ஒரு பெயின்ட் துணுக்கோ உலோகப் பிசிறோ ஒட்டியிருக்கிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை. 200 மி.மீ. நீள மாடரேட்டரின் மறுமுனை அதனால் சுமார் 0.67 மி.மீ. விலகும். 5.5 மி.மீ. பெல்லட்டுக்கு மாடரேட்டரின் முன்துளை 7 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் இருக்கும் இடைவெளியே 0.75 மி.மீ. தான். ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. பெல்லட் துளை விளிம்பை உரசிக்கொண்டு போக ஆரம்பிக்கும். நேற்று வரை ஒரே இடத்தில் விழுந்தவை இன்று தட்டு அகலத்துக்குச் சிதறும். ரைஃபிள் கெட்டுவிட்டது, பெல்லட் சரியில்லை, ஸ்கோப் ஆடுகிறது என்று எல்லாவற்றையும் சந்தேகித்து முடித்த பிறகுதான் இந்த வளையத்தின் ஞாபகம் வரும்.

இதனால்தான் ஷோல்டருக்கும் மாடரேட்டருக்கும் நடுவில் ரப்பர் ஓ-ரிங் போடும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கழலாமல் இருக்கும் என்று போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் உலோகம் உலோகத்தின் மேல் உட்காராமல் மெத்தென்ற ஒன்றின் மேல் மிதக்கிறது. ஓ-ரிங் அதற்கென வெட்டிய பள்ளத்துக்குள் முழுதாக அடங்கி, உலோக முகங்கள் தொட்டுக்கொண்டால் பரவாயில்லை.

மரையில்லாத குழலுக்குச் சொருகு அடாப்டர்

இதில் ஷோல்டரே கிடையாது. அடாப்டர் குழலைச் சுற்றிப் பிடித்திருக்கும் பிடிதான் எல்லாம். முதலில் குழலின் வெளிவிட்டத்தை அளக்க வேண்டும், ஒரே இடத்தில் அளந்தால் போதாது. நுனியில், 15 மி.மீ. பின்னால், 30 மி.மீ. பின்னால் என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குழலைக் கால் சுற்றுத் திருப்பி இரண்டு முறை. நுனியை நோக்கி மெலியும் குழல்கள் உண்டு, பாலிஷ் போட்டதில் வட்டம் கெட்டவையும் உண்டு. ஐரோப்பிய ஸ்பிரிங் ரைஃபிள்களுக்கு 15, 16 மி.மீ. அடாப்டர்கள் பரவலாகக் கிடைக்கின்றன. கிராஸ்மன் 2240 போன்ற அமெரிக்க மாடல்களின் குழல் 7/16 இஞ்ச், அதாவது 11.1 மி.மீ. உங்கள் மாடலின் பெயரைச் சொல்லி வாங்குவதை விட அளந்த எண்ணைச் சொல்லி வாங்குவதே நல்லது. ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு குழல் தடிமன் மாறியிருக்கலாம்.

வெளியே தெரிவது குழல்தானா என்றும் பாருங்கள். பல பி.சி.பி. ரைஃபிள்களில் வெளியே தெரிவது மெல்லிய அலுமினிய உறை. நிஜக் குழல் உள்ளே ஒளிந்திருக்கும். உறையின் மேல் கிரப் ஸ்க்ரூவை முறுக்கினால் நசுங்கும். மேலும், உறை குழலுக்குச் சரியான மையத்தில் இருக்கிறதா என்பதும் தெரியாது.

குழல் 15.0 மி.மீ., அடாப்டரின் துளை 15.2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையில் பிடித்தால் கச்சிதமாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் 30 மி.மீ. நீளம் சொருகியிருக்கும் அடாப்டர், அந்த 0.2 மி.மீ. இடைவெளியில் முழுதாகச் சாய்ந்தால், 200 மி.மீ. தள்ளி விலகல் 1.3 மி.மீ.யைத் தாண்டும். பெல்லட் உரசுவது இல்லை, நேராக மோதவே செய்யும். அதனால் சொருகு அடாப்டரில் நான் பார்ப்பது மூன்று: துளை குழலோடு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு நீளம் சொருகுகிறது, பிடி எப்படிப்பட்டது. ஒரே வரிசையில் ஒரே ஒரு ஸ்க்ரூ உள்ளதைத் தொடவே வேண்டாம். அது அடாப்டரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். சுற்றிலும் மூன்று ஸ்க்ரூ, அதுவும் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை என்றால் சாய்வைத் திருத்த வழி இருக்கிறது. நீளவாக்கில் பிளவு விட்டு, ஆலன் போல்ட்டால் மொத்த வளையத்தையும் நெருக்கும் கிளாம்ப் வகை கிடைத்தால் அதுவே மேல். குழலைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும், தழும்பும் விழாது.

முன் சைட் இருக்கும் ரைஃபிளில் பெரும்பாலும் அதைக் கழற்றினால்தான் அடாப்டர் ஏறும். கழற்றிவிட்டால் இரும்பு சைட்டால் குறிபார்க்க முடியாது, ஸ்கோப் கட்டாயம். முன் சைட்டுக்காகக் குழலில் வெட்டிய பள்ளங்கள் இருந்தால் கிரப் ஸ்க்ரூ அவற்றின் விளிம்பில் உட்காராதபடி திருப்பி வையுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள்களுக்கு. அவற்றில் குழலே நெம்புகோல். நுனியில் மாடரேட்டர் வந்ததும் கை தானாக அதைப் பிடித்தே மடக்கப் பார்க்கும். சொருகு அடாப்டர் அந்த இழுப்பைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டது இல்லை. ஒவ்வொரு முறையும் இம்மியளவு நகரும். பிடி எப்போதும் அடாப்டருக்குப் பின்னால், குழலின் மேல் இருக்க வேண்டும்.

சொருகு அடாப்டரே வேண்டாம், குழலிலேயே மரை வெட்டிவிடலாம் என்றால், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் துப்பாக்கி வேலை தெரிந்த லேத்காரரிடம் கொடுப்பது நல்ல முடிவு. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குழலை லேத்தில் கட்டும்போது வெளிப்பக்கத்தை வைத்து மையம் பார்ப்பாரா, உள்துளையை வைத்துப் பார்ப்பாரா? வெளிவட்டமும் உள்துளையும் ஒரே மையத்தில் இருக்கும் என்று உறுதி கிடையாது. உள்துளையை வைத்து என்று சொல்கிறவரிடம் கொடுங்கள்.

பொருத்துதல்

முதல் வேலை ரைஃபிள் காலி என்று உறுதி செய்வது. பெல்லட் இல்லை, மேகசின் கழற்றியாயிற்று, ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் இல்லை. பி.சி.பி. என்றால் உருளையில் காற்று இருக்கும்போது போல்ட்டை இழுத்து விளையாட வேண்டாம். காற்றை வெளியேற்றும் வழி அந்த மாடலின் கையேட்டில் இருந்தால் அதையே செய்துவிடுங்கள். நேராக இருக்கிறதா பார்க்கிறேன் என்று குழல் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது எந்த நிலையிலும் கூடாது.

மரை, ஷோல்டர், அடாப்டரின் முகம் மூன்றையும் பழைய பல்துலக்கியும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்தெடுங்கள். குழல் வாயின் உள்விளிம்பை மட்டும் தொடாதீர்கள். கிரவுன் என்று சொல்லப்படும் அந்த விளிம்புதான் பெல்லட் கடைசியாகத் தொடும் இடம், சின்னக் கீறல்கூடக் குறியைக் கெடுக்கும். அடாப்டரின் உள்பகுதி எதுவும் கிரவுனில் முட்டி நிற்கக் கூடாது; அது உட்கார வேண்டியது ஷோல்டரில்.

மரை அடாப்டரைக் கையாலேயே திருகுங்கள். தொடங்கும் முன் அரைச் சுற்று எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் புரி புரியோடு சேரும் இடத்தில் மெல்லிய 'டக்' தெரியும். அங்கிருந்து முன்னால் திருப்பினால் குறுக்கு மரை ஏறாது. இரண்டு சுற்றுக்கு மேல் விரலால் போகவில்லை என்றால் அளவு தப்பு. ஸ்பானர் எடுக்காதீர்கள், கழற்றி மறுபடி அளங்கள். அலுமினிய அடாப்டரை எஃகுக் குழலில் மாட்டும்போது மரையில் ஒரு துளி கிரீஸ் நல்லது, நாளாவட்டத்தில் இரண்டும் கவ்விக்கொள்ளாது. கடைசியில் கை இறுக்கமே போதும்.

சொருகு வகையில், குழலுக்கும் அடாப்டருக்கும் இடையே ஆட்டம் இருந்தால் மெல்லிய பித்தளைத் தகட்டை ஒரு முழுச் சுற்று, ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல், சுற்றிவிட்டுச் சொருகுங்கள். கிரப் ஸ்க்ரூக்களை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் தொடும் வரை திருகி, பிறகு மாறி மாறிக் கால் சுற்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஆலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்துத் திருகினால் அளவு மீறாது. மெல்லிய குழலில் முரட்டுத்தனமாக முறுக்கினால் உள்துளையே ஒடுங்கிப்போகும். பெல்லட் அந்த இடத்தைத் தாண்டும்போது பிதுங்கி வெளியேறும்.

இனி சோதனை. துளைக்குக் கச்சிதமாகப் பொருந்தும், நேரான, பித்தளை அல்லது நைலான் பூசிய கம்பி ஒன்றைப் பின்பக்கமிருந்து குழல் வழியாகச் செலுத்தி, மாடரேட்டரின் முன்துளையில் எங்கே வந்து நிற்கிறது என்று பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். கம்பி நேரானதா என்பதைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோணல் கம்பியை வைத்துக்கொண்டு அடாப்டரைத் திட்டிப் பயனில்லை. இது தேறிய பிறகு, பாதுகாப்பான தடுப்பு உள்ள இடத்தில், மாடரேட்டரின் முன்முகத்தில் மெல்லிய மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரே ஒரு முறை சுடுங்கள். டேப்பில் விழும் ஓட்டை முன்துளையின் நடுவில் இருந்தால் சரி. ஓரமாக இருந்தால் அடுத்த பெல்லட்டைப் போடாமல் கழற்றுங்கள். முன்துளையின் விளிம்பிலோ உள்ளே தெரியும் தகடுகளிலோ ஈயத்தின் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் உரசல் நிச்சயம்.

எல்லாம் நேராக இருந்தாலும் குறி விழும் இடம் மாறியிருக்கும். குழல் நுனியில் நூறு, நூற்றைம்பது கிராம் சேர்ந்தால் குழல் அதிரும் விதமே மாறுகிறது. அது கோளாறு இல்லை. ஸ்கோப்பைப் புதிதாக ஜீரோ செய்துகொண்டால், அதாவது பெல்லட் விழும் இடத்தோடு குறி ஒத்துப்போகும்படி திருத்திக்கொண்டால், போதும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அதே இறுக்கத்தில் மாட்டினால் ஜீரோ கிட்டத்தட்ட அதே இடத்துக்குத் திரும்பும். மரை அடாப்டரில் இது நம்பகமாக நடக்கும். சொருகு அடாப்டரை ஒருமுறை பொருத்திய பிறகு கழற்றாமல் விட்டுவிட்டு, அதன் முன்னால் உள்ள மாடரேட்டரை மட்டும் கழற்றி மாட்டுவது நல்லது. அடாப்டரும் குழலும் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் இரண்டின் மேலும் படும்படி ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் அடாப்டர் நகர்ந்திருக்கிறது என்று சுடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.